நொச்சி இலையில் ஒரே திணிவோடு இரண்டு சேர்வை: பிரித்தறிய உதவுங்கோ

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு படுவான்கரையில் அம்மம்மா வீட்டு வேலியோரம் நிற்கிற நொச்சியைத்தான் ஆய்வுக்கு எடுத்திருக்கிறன். தடிமன், காய்ச்சல் என்றால் அந்த இலையை அவித்து வேது பிடிக்க வைப்பா. அந்த மணத்தோட வளர்ந்த எனக்கு, அதுக்குள்ள என்ன இருக்கு என்று சரியாகச் சொல்ல வேணும்.

நிழலில் உலர்த்திய இலையின் மெதனோல் சாற்றை, அயன் இயங்குதன்மையும் அளக்கிற திணிவு நிறமாலைமானியில் ஓடவிட்டுத் தந்தார்கள். எதிர் அயன் முறையில், திணிவு/ஏற்ற விகிதம் (m/z) 431.098 இல் இரண்டு உச்சங்கள். இரண்டுமே உடைந்து 341, 311 தருகின்றன. 90, 120 என்ற இந்த இழப்பைப் பார்த்தால் சர்க்கரை காபனோடு நேரே பிணைந்திருக்கிறது. வைட்டெக்சின், ஐசோவைட்டெக்சின் என்ற தாவரச் சேர்வைகள் என்றுதான் நினைக்கிறன். ஒன்றில் குளுக்கோசு 8ஆம் காபனில், மற்றதில் 6ஆம் காபனில். திணிவு அச்சொட்டாக ஒன்று. மோதல் குறுக்குவெட்டுப் பரப்பு (வாயுவுக்குள் நகரும் அயனின் பருமனையும் வடிவத்தையும் காட்டுகிற அளவு) கைகொடுக்கும் என்று நம்பினன். அந்த இரண்டு பெறுமானமும் ஒட்டினாற்போல வந்து நிற்குது.

இவற்றின் தூய மாதிரி 1 மில்லிகிராமாவது யாரிடமும் இருக்கா? நைதரசன் வாயுவில் அளந்த அந்தப் பரப்பின் பெறுமானம் வைத்திருப்பவர்கள், எந்தக் கருவி, எப்படி அளவுதிருத்தம் செய்தது என்றும் சொல்லுங்கோ. கணினி கணித்த எண்களை இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு நம்ப மனம் வரவில்லை. சோடியம் ஒட்டிய அயனாகப் பார்த்தால் இடைவெளி கூடுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கோ. மிச்சச் சாறு குளிர்சாதனப் பெட்டியில் பத்திரமாக இருக்கு. கேட்டால் தரவுக் கோப்பும் அனுப்புவன்.