மாமனார் மாமியாரைக் குட்டி விமானத்தில் சாப்பிடக் கூட்டிப்போக நல்ல இடம் எது?

ஃப்ரீமான்ட்வாசி:
போன வருஷம் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கினேன். கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ விமான நிலையத்தில் ஒரு கிளப்பில் செஸ்னா 172எஸ் என்ற நாலு சீட் விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன். அக்டோபரில் திருநெல்வேலியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். மாப்பிள்ளை பிளேன் ஓட்டுகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்களாம், ஏற்றிப்போகாமல் தப்பிக்க வழியில்லை. இங்கே பைலட்டுகள் 'நூறு டாலர் பர்கர்' என்று சொல்லிக்கொண்டு அக்கம்பக்கத்துச் சின்ன விமான நிலையங்களுக்குப் பறந்து போய்ச் சாப்பிட்டுத் திரும்புகிறார்களே, அதுபோல ஒரு நாள் போகலாம் என்று யோசனை. மாமனார் மீன், கோழி சாப்பிடுவார், மாட்டுக்கறி தொடமாட்டார். மாமியார் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. ஹாரிஸ் ரான்ச், கேட்டலினா தீவு, ஹாஃப் மூன் பே மூன்றையும் யோசித்து வைத்திருக்கிறேன். எங்கே போகலாம்?

கார்க்காரன்:
ஹாஃப் மூன் பேக்கு 92-ஆம் ரோட்டில் காரிலேயே போய்விடலாமே. நீங்கள் இறக்கையைத் தட்டிப் பார்த்து, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பிடித்துப் பார்த்து, ரன்வே ஓரத்தில் வரிசையில் நிற்பதற்குள் நான் மீன் வறுவலை ஆர்டர் பண்ணியிருப்பேன்.

சான்ஹோசே பெரியவர்:
கார்க்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் தெருவில் சொல்லி வைத்திருப்பது காரைப் பற்றி இல்லையே.

தம்பி, மெனுவைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் ரன்வே, அப்புறம் எடை, அதற்கும் அப்புறம்தான் சாப்பாடு.

கேட்டலினாவை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அங்கே ஓட்டலில் பைசன் பர்கர் பேர்போனது. 1924-இல் சினிமா ஷூட்டிங்குக்காகக் கொண்டுவந்து விட்ட காட்டெருமைகளின் வம்சம் இன்றும் தீவில் மேய்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் அதை யார் சாப்பிடப்போகிறார்கள்? ரன்வே 1,602 அடி உயரத்தில், மலை உச்சிகளை வெட்டிச் சமப்படுத்திப் போட்டது. நீளம் சுமார் 3,000 அடி, நடுவில் மேடு, ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாது. இறங்கும் பக்கம் நேரே செங்குத்துச் சரிவு, அங்கே காற்று கீழே இழுக்கும். தாழ்வாக வருகிறோமா உயரமாக வருகிறோமா என்று கண்ணே ஏமாற்றும். முதலில் ஒரு பயிற்சியாளரோடு போய்ப் பழகிவிட்டு வாருங்கள். தவிர இங்கிருந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல், கடைசியில் கடல் வேறு. மாமியாருக்கு அது பொழுதுபோக்கு இல்லை.

ஹாரிஸ் ரான்ச் ஒரு மணி நேரம்தான். விமானத்தை நிறுத்திவிட்டு நடந்தே ஓட்டலுக்குள் போகலாம். ஆனால் ரன்வே அகலம் வெறும் 30 அடி. பாலோ ஆல்டோவில் 70 அடியில் இறங்கிப் பழகிய கண்ணுக்கு, இன்னும் உயரத்தில் இருக்கிறோம் என்று தோன்றும். அதோடு அது ஸ்டேக் சாப்பிடுகிறவர்களின் கோயில். மாட்டுக்கறி வேண்டாம் என்கிறவரை அங்கே கூட்டிப்போய் சாலட்டை மென்றுகொண்டு உட்கார வைப்பதா? மத்தியப் பள்ளத்தாக்கில் வெயில் ஏறினால் மதியத்துக்கு மேல் விமானத்தைத் தூக்கிப்போடும், வயிறு நிறைந்த பின் அது நல்லதில்லை.

ஆக ஹாஃப் மூன் பே. 5,000 அடி ரன்வே, டவர் கிடையாது, ஏறிப் பதினைந்து இருபது நிமிஷத்தில் மலையைத் தாண்டினால் கடல். பெரியவர்களுக்கு முதல் தடவைக்கு அவ்வளவே போதும். இறங்கினால் பில்லர் பாயின்ட் துறைமுகம் நடக்கிற தூரம். மாமனாருக்கு அங்கே மீன் வறுவலும் உருளைக்கிழங்கும். மாமியாருக்குக் கையில் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், துறைமுகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கோடையென்றால் பனிமூட்டத்துக்கு பயந்து வேண்டாம் என்றிருப்பேன், அக்டோபரில் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். இருந்தாலும் கடல் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். வெள்ளையாகக் கரைப் பக்கம் நகர ஆரம்பித்தால் பில்லைக் கேட்டுவிடுங்கள். மூடிக்கொண்டால் கண்பார்வை விதிப்படி பறக்கிற உங்களுக்கு அன்றைக்கு டாக்ஸிதான்.

இப்போது எடை. உங்கள் விமானத்துக்கான எடைத் தாளில் இருக்கும் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் உதாரணத்துக்கு ஆள், பெட்ரோல், சாமான் எல்லாம் சேர்த்து 865 பவுண்டு தாங்கும் என்று வைக்கிறேன். நீங்கள் 175, மனைவி 135, மாமனார் 170, மாமியார் 150, ஆக 630. மீதி 235. டேங்க் நிறைய 53 கேலன் ஊற்றினால் அதுவே 318 பவுண்டு, தரையை விட்டுக் கிளம்பக்கூடாது. டேங்க் வாய்க்குள் இருக்கும் அடையாளத் தகடு வரை 35 கேலன் ஊற்றுங்கள், 210 பவுண்டு. புளியோதரைக்கும் கைப்பைக்கும் வாந்திப் பைக்கும் 25 பவுண்டு மிச்சம். இந்த தூரத்துக்கு 35 கேலன் தாராளம்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். மாமியாரைச் சுடிதார் போடச் சொல்லுங்கள். முன்சீட்டைத் தள்ளிவிட்டு, படியில் ஒரு கால் வைத்துக் குனிந்து பின்னால் நுழைய வேண்டும், சேலையில் அது பெரும்பாடு. மாமனார் முன்னால் உட்காரட்டும், கால் மட்டும் பெடலில் படக்கூடாது என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி 90 நாளில் மூன்று தடவை ஏறி இறங்கியிருக்கிறீர்களா என்று லாக்புக்கைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஆள் ஏற்ற முடியாது.

பணம்! நூறு டாலரெல்லாம் பழைய கதை, இப்போது வாடகையே மணிக்கு 200 பக்கம். மாமனார் மொத்தத்தையும் நானே தருகிறேன் என்று நீட்டுவார், வாங்காதீர்கள். பிரைவேட் லைசென்ஸில் பைலட் தன் பங்கைக் கட்டியே ஆக வேண்டும். நாலு பேரென்றால் குறைந்தது கால் பங்கு உங்களுடையது.

ஃப்ரீமான்ட்வாசி:
ரொம்ப நன்றி சார். தாளைப் பார்த்தேன், எங்கள் விமானம் 860. பணப் பேச்சை மனைவியிடம் விட்டுவிட்டேன், அவள் அப்பாவை அவளே சமாளிக்கட்டும். ஒரே கேள்வி. துறைமுகத்தில் படகிலிருந்தே உயிர் நண்டு விற்பார்களாமே, சீசன் இருந்தால் வாங்கி வரலாமா? மாமனார் கையில் நண்டு மசாலா பொடி வருகிறது.

சான்ஹோசே பெரியவர்:
டன்ஜனஸ் நண்டு நவம்பருக்கு முன்னால் வராது, அதுவும் பல வருஷம் தள்ளிப்போகும். அவர்கள் அதுவரை இருந்தால் வாங்குங்கள். ஒரு நண்டு இரண்டு பவுண்டு வரும், போகும்போது எரிந்த பெட்ரோல் அந்த எடைக்கு இடம் விடும். ஆனால் ஒழுகாத ஐஸ் பெட்டியில் போட்டு, மூடியை டேப் ஒட்டி, பின்னால் வலையில் கட்டுங்கள். உப்புத்தண்ணீர் விமானத்தின் அலுமினியத்தில் இறங்கினால் கிளப்பில் உங்களுக்குத் திரும்பச் சாவி தரமாட்டார்கள்.

கார்க்காரன்:
நண்டை என் டிக்கியில் போடுங்கள். மசாலா பொடியில் பாதி எனக்கு.