'ஆத்தா வீடு' குழுவில் பெரியப்பா போட்ட போட்டோ

ஞாயிறு, காலை 7:12

பெரியப்பா: 📷 போட்டோ

பெரியப்பா: டைரியின் கடைசிப் பக்கம். வங்கி, மின்வாரியம், ஜிமெயில், ரயில் டிக்கெட் எல்லாவற்றின் பாஸ்வேர்டும் இதில் இருக்கிறது. போன் மாற்றியபோது பட்ட பாடு போதும். யாராவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை: காலை வணக்கம் அண்ணா 🌹🙏

நான்: பெரியப்பா, உடனே அழியுங்கள்! போட்டோவை அழுத்திப் பிடித்து 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்'.

பெரியப்பா: அழித்துவிட்டேன்.

நான்: உங்கள் போனில் மட்டும் அழித்திருக்கிறீர்கள். எங்களுக்கு இன்னும் தெரிகிறது. இனி அண்ணன்தான் அழிக்க முடியும், அவர்தான் அட்மின். துபாயில் மணி 5:45. போன் போட்டு எழுப்புகிறேன்.

அண்ணன்: அழித்தாயிற்று. தூக்கம் போனது போனதுதான்.

பெரியப்பா: நம்ம ஆட்கள்தானே கண்ணு?

நான்: நம்ம ஆட்கள்தான். ஆனால் பாதிப் பேர் போனில் போட்டோ தானாக இறங்கும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கு பேக்கப் ஆகும். எல்லாரும் கேலரியை ஒருமுறை பாருங்கள். குப்பைத் தொட்டியையும்.

அத்தை: என்னிடம் இருந்தது. ரோஜாப் படம் என்று நினைத்தேன். எடுத்துவிட்டேன்.

தம்பி: நான் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டு. கடைசி எண் மட்டும் மாறுகிறது. அதில் இருக்கும் வருடம் என்ன பெரியப்பா?

பெரியம்மா: எங்கள் கல்யாண வருடம். இதிலாவது ஞாபகம் இருக்கிறதே.

பெரியப்பா: வங்கி 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. ஒன்றைக் கூட்டிக்கொண்டே வருகிறேன். இப்போது 17.

நான்: உங்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய எழுத்து, எண், குறி, அடிக்கடி மாற்று என்பதெல்லாம் 2003-இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டில் பில் பர் எழுதிய வழிகாட்டியால் பரவியது. அப்படிச் சொன்னால் எல்லாரும் உங்களைப் போலத்தான் செய்கிறார்கள். 2017-இல் அவரே வருத்தப்பட்டார். நிஸ்டும் அதே வருடம், திருடு போனதற்கு அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று திருத்திவிட்டது. உங்கள் வங்கிக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

பெரியப்பா: அப்போ டைரியைக் கிழித்துவிடட்டுமா?

நான்: வேண்டவே வேண்டாம். எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஒரே பாஸ்வேர்டுதான் வம்பு. 2009-இல் ராக்யூ என்ற தளத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டு வெளியே போனது. பூட்டாமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். இப்படிக் கசிந்த மெயிலையும் பாஸ்வேர்டையும் வைத்து வங்கி, ஜிமெயில் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பார்கள். இன்றைக்கே மெயிலையும் வங்கியையும் மாற்றுங்கள். மெயில் முதலில், அது கையில் கிடைத்தால் மற்ற பல கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம்.

அண்ணன்: எல்லா பாஸ்வேர்டையும் பூட்டி வைக்கும் பிட்வார்டன் ஆப்பைப் போட்டுக் கொடு. இலவசம்தான்.

பெரியப்பா: எல்லாவற்றையும் ஒரே பெட்டியிலா? சாவி தொலைந்தால்?

நான்: நல்ல கேள்வி. பெட்டியைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்தால் அந்தக் கம்பெனிக்காரர்களாலும் திறந்து தர முடியாது. அதனால் அந்த ஒன்று டைரியில் இருக்கட்டும். மற்றவை பெட்டிக்குள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு.

அத்தை: போன வாரம் கரண்ட் கட் ஆகும், பில் கட்டு என்று ஒரு லிங்க் வந்தது. அச்சு அசலாக மின்வாரியம் மாதிரியே இருந்தது.

நான்: அங்கேயும் இந்தப் பெட்டி உதவும் அத்தை. நம் கண் படத்தைப் பார்க்கும், இது தளத்தின் முகவரியைப் பார்க்கும். ஓர் எழுத்து மாறினாலும் பாஸ்வேர்டை நிரப்பாது. நிரப்பவில்லையா, நீங்களும் கையால் அடிக்காதீர்கள்.

பெரியம்மா: அந்த மாஸ்டருக்கு என்ன வைப்பது?

நான்: சம்பந்தமே இல்லாத ஐந்து சொல். கண்ணை மூடிக்கொண்டு அகராதியைத் திறந்து விரல் வையுங்கள். சாமி பேர், பாட்டு வரி, கல்யாண வருடம் வேண்டாம். இங்கே போடாதீர்கள்!

காலை 9:40

பெரியம்மா: எழுதியாயிற்று. டைரி என் பட்டுப்புடவைக்கு அடியில். இனி அவர்தான் என்னைக் கேட்க வேண்டும்.

பெரியப்பா: 📷 போட்டோ

நான்: பெரியப்பா!!

பெரியப்பா: இட்லி கண்ணு. திறந்து பார்.