எக்ஸ்பல்ஸ் பார்ட்ஸுக்கு பவுடர் கோட்டிங்கா, பெயிண்டா?

புழுதி_பையன்
நம்ம ஹீரோ எக்ஸ்பல்ஸ் டிரெயில் பைக்கை முழுசா பிரிச்சுப் போட்டாச்சு. ஃப்ரேம், பின் வீலைத் தாங்குற ஸ்விங் ஆர்ம், கால் வைக்கிற ஃபுட்பெக், கிராஷ் கார்டு எல்லாத்தையும் பெங்களூரு பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல கொடுத்து ஒரே கறுப்பு பவுடர் கோட்டிங் போட்டுடலாம்னு இருக்கேன். சக்லேஷ்புரா சேறு, கோலார் கல்லு ரெண்டையும் தாங்கணும். என்ன சொல்றீங்க?

பீன்யா_மணி
யோசிக்கவே வேணாம் ப்ரோ, பவுடர்தான். பொடியா அடிக்கிறது 180-200 டிகிரி ஓவன்ல உருகி இறுகுது, 60 முதல் 80 மைக்ரான் கனம் வரும். பெட்ரோல், செயின் லூப், பூட்ஸ் உரசல் எதுக்கும் அசராது. கடையில ஒண்ணே ஒண்ணு கேளுங்க: செவன் டேங்க் ப்ராசஸ் உண்டா? எண்ணெய் கழுவி, துரு எடுத்து, பாஸ்பேட் ஏத்தாம, சும்மா எமரி தேய்ச்சுட்டு பவுடர் அடிக்கிற இடம்னா அப்படியே திரும்பி வந்துடுங்க.

சேத்துக்குதிரை
ஷோரூம்ல நிக்கிற வண்டிக்கு நல்ல யோசனை. டிரெயில்ல கல்லடிச்சு பவுடர் ஒரு இடத்துல உடைஞ்சா போதும், தண்ணி உள்ள இறங்கி அடியிலயே துரு படரும். மேல பளபளன்னு இருக்கும், நகத்தால நெம்பினா அப்பளம் மாதிரி பேந்து வரும். அப்புறம் மொத்தமா உரிச்சு மறுபடி போடணும். எபாக்சி பிரைமர், மேல 2கே பியூ பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன்) அடிங்க. அடிபட்ட இடத்தை மட்டும் தேய்ச்சு பிரஷ்ல தொட்டுக்கலாம். ஹார்டனர்ல நுரையீரலுக்கு ஆகாத ஐசோசயனேட் இருக்கு, கர்ச்சீப் கட்டிக்கிட்டு மூடின கராஜ்ல அடிச்சுடாதீங்க.

பீன்யா_மணி
2கே மேல டாட் 4 பிரேக் ஆயில் ஒரு சொட்டு விழட்டும், பெயிண்டைத் தின்னுடும், அப்புறம் பேசுவோம்.

சேத்துக்குதிரை
துடைக்காம விட்டா பவுடரையும்தான் அது தின்னும் குரு.

பீன்யா_மணி
சரி, அது நியாயம். ஆனா பவுடருக்கு அடியில சிங்க் பிரைமர் ஒரு கோட் போட்டா நீங்க சொல்ற துரு அவ்வளவு வேகமா படராது. கேட்டாதான் போடுவாங்க, காசும் கூட ஆகும்.

பிளேட்டிங்_அக்கா
ரெண்டு பேரும் ஃப்ரேமையே புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. தம்பி ஃபுட்பெக்கும் கேட்டிருக்கார். அந்தப் பல்லு மேல பூட்ஸ் அரைச்சுக்கிட்டே இருக்கும், பவுடரும் நிக்காது, பெயிண்டும் நிக்காது. தொட்டியில முக்கி துத்தநாகம் ஏத்துற சிங்க் பிளேட்டிங் போடுங்க. 10 மைக்ரான் பக்கம்தான் வரும், ஆனா கீறல் விழுந்தாலும் சிங்க் தான் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும்.

அதுக்காக எல்லா போல்ட்டையும் அள்ளிக்கிட்டு வராதீங்க. ஆசிட்லயும் பிளேட்டிங் தொட்டியிலயும் 10.9, 12.9 கிரேடு மாதிரி ரொம்ப உறுதியான போல்ட்டுக்குள்ள ஹைட்ரஜன் ஏறும். முடிச்ச கையோட 200 டிகிரி பக்கம் பல மணி நேரம் பேக் பண்ணலைன்னா, லோடு ஏறும்போது சொல்லாம கொள்ளாம உடையும். சின்ன கடைல இதைக் கேட்டா முழிப்பாங்க. ஆக்சிலுக்கும் சஸ்பென்ஷன் லிங்கேஜ் போல்ட்டுக்கும் கிரீஸ் போதும்.

இன்னொண்ணு, போல்ட் தலை உக்கார்ற முகத்துல பவுடர் கூடாது. அழுத்தத்துல அது மெல்ல நசுங்கும், போல்ட் முறுக்கின டார்க் தளர்ந்துடும். பேரிங் சீட், த்ரெட், எர்த் பாயின்ட் எல்லாத்துக்கும் மாஸ்க் கட்டாயம். அலுமினிய ஹப்பைக் கழட்டினா அனோடைசிங்குக்கு (அலுமினியத்து மேல ஆக்சைடு படலம் ஏத்துறது) அனுப்புங்க, அது தனிக் கதை.

கோரமங்களா_சித்தப்பா
சேஸிஸ் நம்பரை மறந்துட்டீங்களே! ஸ்டியரிங் ஹெட்ல வெட்டியிருக்கிற எழுத்தை, பழைய பெயிண்ட் எடுக்க மணல் பீய்ச்சுற பிளாஸ்ட்டிங் தேய்க்கும், பவுடர் மூடும். நாளைக்கு என்ஓசிக்கு அந்த நம்பர் மேல தாள் வச்சு பென்சில் பிரிண்ட் எடுக்கப் போனா ஆர்டிஓ ஆபீஸ்ல பதில் சொல்லி மாளாது. ஹீட் டேப் ஒட்டுறதை நின்னு பார்த்துட்டு வாங்க. அந்த இடத்துக்கு அப்புறமா மெல்லிசா பெயிண்ட் போதும்.

புழுதி_பையன்
நன்றி அக்கா, சித்தப்பா. அப்போ ஃப்ரேமுக்கு சிங்க் பிரைமரோட பவுடர், ஃபுட்பெக்குக்கு பிளேட்டிங். கிராஷ் கார்டு எப்படியும் விழுந்து தேயறதுதான், அதுக்கு பெயிண்ட். ஸ்விங் ஆர்ம்தான் குழப்பம்.

சேத்துக்குதிரை
ஃப்ரேமுக்கு அடியில கல்லடியைத் தாங்க பாஷ் பிளேட் இருக்கு. பின் வீல் வாரி அடிக்கிற கல்லுக்கு ஸ்விங் ஆர்ம்ல என்ன இருக்கு? அதையாவது பெயிண்ட்ல விடுங்க.

பீன்யா_மணி
உள்பக்கம் தடிமனான பிபிஎஃப் (பெயிண்டைக் காக்கிற ஃபிலிம்) ஒட்டினா பவுடரே தாங்கும்.

சேத்துக்குதிரை
சேத்துத் தண்ணில ஓரம் தூக்கின பிபிஎஃப் நான் நிறைய பார்த்திருக்கேன்.