ஐஸ் பிளான்ட்டில் டிரைவ் பேனலை எங்கே வைக்கலாம்?

வணக்கம். ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல மச்சானோட ஐஸ் பிளான்ட்ல 30 கிலோவாட் கம்ப்ரசர் மோட்டாருக்கு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ்) போடப் போறோம். கம்ப்ரசர் ரூம்லயே பேனலை வைக்கலாம்னு எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்றார். எனக்கு மனசு ஒப்பல. கூலிங்குக்கு ஓடுற அமோனியா லேசா கசிஞ்சாலும் செம்பை அரிச்சிடும், கூடவே உப்புக்காத்து. பழைய ஸ்டார்ட்டரைத் திறந்தா டெர்மினல் பூரா பச்சைக் களிம்பு, ஸ்க்ரூ தலை துருவோட உதிருது.

சுத்தி இருக்கிற சூடு 40 டிகிரிக்கு மேல போனா டிரைவோட லோடைக் குறைக்கணும்னு மேனுவல்ல இருக்கு. சித்திரை வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ சூடு 40-க்குள்ள நிக்காது. தள்ளி தனி ரூம் கட்டினா மோட்டாருக்குக் கேபிள் 60 மீட்டர் வரும். அவுட்புட் சோக் (டிரைவுக்கும் மோட்டார் கேபிளுக்கும் நடுவுல போடுற காயில்) கண்டிப்பா வேணுமா? அந்த ரூம்ல ஏசி போட்டா டிரைவுக்குள்ள இருக்கிற எலக்ட்ரானிக் கார்டுல ஈரம் பூக்குமா? கோட்டிங் உள்ள கார்டு இந்தக் காத்தைத் தாங்குதா?

தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் போட்டவங்க சொல்லுங்க. இந்த மணல்ல எர்த் எப்படி எடுத்தீங்கன்னும் சொல்லுங்க, அதுதான் பெரிய கவலை.