பரிசல் படத்தைப் புத்தக அட்டைக்குக் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

காவேரிப்பட்டணம் ஜெராக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது பேருடைய பத்திரமாவது என் மிஷின் கண்ணாடி மேல் குப்புறப் படுத்து எழுந்து போகும். ஒன்றையும் படித்ததில்லை. இப்போது எனக்கே ஒன்று வந்திருக்கிறது. ஒரே பக்கம்தான். நாலு தடவை படித்துவிட்டேன், வயிற்றைக் கலக்குகிறதே தவிரப் புரியவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஆடிப்பெருக்கு முடிந்த மறுவாரம் குடும்பத்தோடு ஒகேனக்கல் போயிருந்தோம். தண்ணி ஏறிவிட்டது என்று அன்றைக்குப் பரிசலை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் அழ, பெரியவர்கள் மீன் வறுவல் கடையில் உட்கார, நான் சும்மா ஊட்டமலைப் பக்கம் நடந்தேன். ஒருத்தர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். முகம் இல்லை, தோள் இல்லை. பெரிய கறுப்பு வட்டம், அதற்குக் கீழே ரெண்டு கால். ஆமை எழுந்து நடக்கிற மாதிரி. பின்னால் ஆறு செம்மண் கரைசலாகப் போகிறது. ஒரே ஒரு கிளிக், அவ்வளவுதான். அடுத்ததுக்குள் அவர் பாறைக்குப் பின்னால் போய்விட்டார்.

அதை ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டுச் சென்னைப் பதிப்பகத்தார் ஒருவர் போன் செய்தார். ஒரு நாவலுக்கு அட்டைப்படமாக வேண்டுமாம். 1,500 ரூபாய், புத்தகம் 5 பிரதி. மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்லவில்லை. ஆனால் அனுப்பின பத்திரத்தில் 'மேற்படி புகைப்படத்தின் சகல உரிமைகளையும் உலகம் முழுமைக்கும் நிரந்தரமாக எழுதிக் கொடுக்கிறேன்' என்று இருக்கிறது. 'இப்படம் இதற்கு முன் எங்கும் வெளியானதில்லை' என்று ஒரு வரி. 'எக்காலத்தில் எந்த வழக்கு வந்தாலும் நானே முழுப் பொறுப்பு' என்று இன்னொரு வரி. நிலம் கிரயம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது.

இதில் சிக்கல் என்னவென்றால், கேமரா என் மச்சானுடையது, பழைய நிக்கான் டி90. 'கேமரா என்னுது, பாதிக் காசு எனக்கு' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். எனக்குச் சிரிப்பாகத் தெரியவில்லை. அடுத்து, கூட்டாளி ஒருத்தன் டிராவல்ஸ் கடை திறந்தபோது இதே படத்தை ஃபிளெக்ஸில் போட்டான். இன்னும் தொங்குகிறது. அப்புறம் அந்தப் பரிசல்காரர். அவரிடம் நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, பெயர்கூடத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மொரப்பூர் தடம்:

1,500 ரூபாய்க்கு இவ்வளவு யோசனையா அண்ணா? தமிழ்ப் புத்தகம் எத்தனை விற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அட்டையில் நம்ம படம் வருவதே பெருமை. போட்டுக் கொடுங்கள். அதுவும் ஃபேஸ்புக்கில் போட்ட அன்றைக்கே உரிமை போய்விட்டது, பிறகு என்ன பத்திரம்?

கறுப்பு அங்கி, ஓசூர்:

மொரப்பூர் தம்பி, ஃபேஸ்புக்கில் போட்டால் உரிமை போகாது. அந்தத் தளம் காட்டிக்கொள்ள அனுமதி கொடுக்கிறோம், அவ்வளவுதான். எடுத்து அட்டையில் அடித்துவிட்டுப் 'பொதுவில் கிடந்தது' என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பதிப்பகத்தார் கேட்டு வாங்குகிறாரே, அதுவே அவருக்கு இது தெரியும் என்பதற்கு அத்தாட்சி.

ஜெராக்ஸ் அண்ணா, முதலில் உங்கள் மச்சான் கதையை முடித்துவிடுவோம். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி புகைப்படத்தின் ஆசிரியர் படத்தை எடுத்தவர். கேமராவின் சொந்தக்காரர் அல்ல. பேனா யாருடையது என்று பார்த்தா கதைக்கு உரிமை கொடுக்கிறோம்? மச்சானுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுங்கள், அது உறவுக்கு. சட்டத்துக்கு ஒன்றும் வேண்டாம். காசு கொடுத்து 'எனக்காகப் போய் எடுத்துவா' என்று யாராவது அனுப்பியிருந்தால் கதை வேறு. அப்போது வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை அனுப்பினவருக்குப் போய்விடும். உங்களை அனுப்பினது ஆடிப்பெருக்குக் கூட்டம்தான்.

இனி பத்திரம். அவர்கள் கேட்டிருப்பது உரிமை மாற்றம். அவர்களுக்குத் தேவையோ உரிமம். வீட்டை விற்பதும் வாடகைக்கு விடுவதும் போல. ஒரு நாவலின் அட்டைக்கு வாடகை போதும். காலம் எழுதாமல் விட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவே எடுத்துக்கொள்ளும். 30ஏ பிரிவு வழியாக உரிமத்துக்கும் இது பொருந்தும். உங்களுக்கு வந்த தாளில் 'நிரந்தரம்', 'உலகம்' என்று ரெண்டையும் எழுதியே வைத்துவிட்டதால் அந்தப் பாதுகாப்பு போச்சு. புகைப்படத்துக்குப் பதிப்புரிமை எடுத்தவரின் ஆயுள் முழுக்க, அதற்கு மேல் அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. அத்தனையையும் 1,500-க்குக் கொடுத்துவிட்டால், நாளைக்கு உங்கள் படத்தை நீங்களே காலண்டரில் போட அவர்களைக் கேட்க வேண்டிவரும்.

ஃபிளெக்ஸ் தொங்கும்போது 'எங்கும் வெளியானதில்லை' என்று கையெழுத்துப் போட்டால் அது பொய். அதை அடித்துவிட்டு 'வேறு எந்த நூலின் அட்டையிலும் வெளியானதில்லை' என்று எழுதச் சொல்லுங்கள். வழக்கு வரியை 'இப்படத்தை எடுத்தவன் நானே' என்பதற்கு மட்டும் பொறுப்பாகச் சுருக்குங்கள். அவர்கள் போடும் தலைப்புக்கும் உள்ளே இருக்கிற கதைக்கும் நீங்கள் ஏன் பொறுப்பு?

ரேப்பர்காரி:

நான் புத்தகங்களுக்கு ரேப்பர், அதாவது மேலட்டை, வடிவமைக்கிறவள். இப்படிப்பட்ட பத்திரம் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்ததைப் பெயரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் அனுப்புவார்கள். திருத்திக் கேட்டால் பாதிப் பேர் உடனே ஒத்துக்கொள்வார்கள். அதனால் சண்டைக்குப் போகிற மாதிரி பேசாதீர்கள்.

எனக்குக் கவலை வேறு. ஃபைலை எதில் அனுப்பினீர்கள்? வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தால் அது சுருங்கிப் போயிருக்கும், அச்சில் பிசிறடிக்கும். டி90 ஒரிஜினல் என்றால் 4288க்கு 2848 பிக்சல் இருக்கும். டெம்மி சைஸ் அட்டை ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 335 பிக்சல் கிடைக்கிறது, நாங்கள் கேட்பது 300. முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றையும் சுற்றிப் போர்த்தினாலும் தாங்கும். உள்ளே மடிக்கிற ஃபிளாப் வரைக்கும் இழுக்க நினைத்தால் போதாது. முன்னட்டைக்கு மட்டுமா, சுற்றியுமா என்று கேட்டு அதையும் பத்திரத்தில் எழுத வையுங்கள், அதற்குத் தகுந்த மாதிரி காசு கேட்கலாம்.

அந்தச் செம்மண் ஆறு திரையில் மினுங்கும், நாலு கலர் அச்சில் ஒரு படி மங்கும். ப்ரூஃப் பார்த்துவிட்டு அதிர்ச்சி ஆகாதீர்கள்.

அரூர் ஃபிலிம்ரோல்:

நான் ஒரு தடவை 'சகல உரிமை' எழுதிக் கொடுத்தவன். சித்தேரி மலையில் எடுத்த படம். புத்தகம் வந்தது, சந்தோஷம். ரெண்டு வருஷம் கழித்து அதே படம் வேறொரு புத்தகத்தில், பெயர் இல்லாமல். கேட்டால் பத்திரத்தைக் காட்டினார்கள். பெயர் எங்கே வரும் என்பதைக் கண்டிப்பாக எழுதி வாங்குங்கள்.

கறுப்பு அங்கி, ஓசூர்:

ஃபிலிம்ரோல் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உரிமையை விற்ற பிறகும் இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவில் எடுத்தவருக்கு உண்டு. படைப்பைச் சிதைத்துப் பெயருக்குக் கேடு வரவைத்தால் அதையும் கேட்கலாம். ஆனால் அதற்காகக் கோர்ட்டுக்கு அலைவதைவிட முதலிலேயே ஒரு வரி எழுதி வாங்குவது சுலபம்.

பரிசல்காரர் விஷயத்தில், முகம் தெரியாத படத்துக்காக யாரும் உங்களை இழுக்கப் போவதில்லை. கேட்பதும் கேட்காததும் உங்கள் மனசு.

காவேரிப்பட்டணம் ஜெராக்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டுத் தர்மபுரி போய், பென்னாகரம் பஸ் பிடித்து ஊட்டமலை போனேன். படத்தைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப்போயிருந்தேன் (சொந்தக் கடை). முகமே இல்லாத படத்தில் ஆளை எப்படித் தேடுவது என்று கூச்சமாக இருந்தது. பரிசல் துறையில் முதலில் பார்த்தவரே காலைப் பார்த்துவிட்டு, அடுத்த தெருவில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். ஒரு பெருவிரல் வெளிப்பக்கம் வளைந்திருக்கும், வலது கணுக்காலில் கறுப்புக் கயிறு. இத்தனை வருஷத்தில் நான் அந்த விரலைக் கவனித்ததே இல்லை.

அவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது, பரிசல் ஓட்டுவதில்லை, மகன் ஓட்டுகிறார். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கால்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'இந்தப் பரிசல் நல்ல பரிசல்பா, மூங்கில் நானே பொளந்தது' என்றார். புத்தகத்தில் போடலாமா என்று கேட்டதற்கு, 'மூஞ்சியே இல்லியே, என்னைக் கேட்டா போடணும்?' என்று சிரித்தார். வந்த காசில் உங்களுக்கும் உண்டு என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

பதிப்பகத்தாரிடம் ரேப்பர்காரி அம்மா சொன்ன மாதிரியே தன்மையாகப் பேசினேன். 'அது பழைய ஃபார்மட் சார், நீங்களே திருத்தி அனுப்புங்க' என்றுவிட்டார். இந்த நாவலின் தமிழ்ப் பதிப்பு அட்டைக்கு மட்டும், 5 ஆண்டு, அச்சுப் புத்தகமும் மின்னூலும். அதற்குள் வேறு நாவல் அட்டைக்கு நான் கொடுக்கக் கூடாது, மற்றபடி காலண்டர், ஃபிளெக்ஸ் என் இஷ்டம். பெயர் உரிமைப் பக்கத்திலும் பின்னட்டையிலும். 3,000 ரூபாய், 10 பிரதி. மின்னூலுக்குத் தனியாகக் கேட்டேன், அது நடக்கவில்லை.

ஆனால் நேற்று ராத்திரி ப்ரூஃப் வந்தது. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்! தலைப்பு வைக்க இடம் வேண்டுமாம். இதைச் சொன்னால் அதிகப்படியாக இருக்குமா?

ரேப்பர்காரி:

நாங்கள் செய்கிற வேலைதான் அது. ஆள் உள்பக்கம் பார்த்து நடந்தால் புத்தகம் திறக்கிற மாதிரி இருக்கும். ஏன், என்ன தப்பாகத் தெரிகிறது?

காவேரிப்பட்டணம் ஜெராக்ஸ்:

கயிறு அம்மா. திருப்பினால் இடது காலுக்குப் போய்விடுகிறது. ஆம்பளை வலது காலில்தான் கட்டுவான். ஊட்டமலையில் ஒரு பிரதி கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், துறையில் அவரை ஓட்டித் தள்ளிவிடுவார்கள்.

ரேப்பர்காரி:

இதை அப்படியே அவர்களிடம் சொல்லுங்கள். இப்போதே. அச்சுக்குப் போன பிறகு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

காவேரிப்பட்டணம் ஜெராக்ஸ்:

சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை, அப்புறம் சிரித்தார். தலைப்பை வலது பக்கம் மாற்றிவிட்டார்கள். மச்சானுக்குப் பிரியாணி ஞாயிற்றுக்கிழமை.