புதுப்பிப்பு: இனிப்பை வைத்து ஆங்கில மரபுத்தொடர்கள்

காரைக்குடியில் சுற்றுலா வழிகாட்டிகளாகப் பயிலும் பிள்ளைகளுக்கு, இனிப்புப் பண்டங்களை வைத்து ஆங்கிலத்தில் புழங்கும் மரபுத்தொடர்களை எப்படிக் கற்பிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பட்டியலாகக் கொடுக்காதீர்கள், சூழலோடு சொல்லுங்கள் என்றீர்கள். அருமையாகப் பலித்தது!

‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் மிக எளிய வேலை என்பதை உடனே பிடித்துக்கொண்டார்கள். ‘ஹாட் கேக்ஸ்’ போல விற்பது, அதாவது மளமளவென்று விற்றுத் தீர்வது, அதற்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

நேரம் பிடித்தது ‘ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட்’. தின்றுவிட்டால் கேக் கையில் இருக்காது. ஒன்றாக அமைய முடியாத இரண்டையும் ஒருசேர விரும்புவதைச் சொல்வது. 1538-இல் நார்ஃபோக் பிரபு, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சரான தாமஸ் குரோம்வெல்லுக்கு எழுதிய கடிதத்திலேயே இக்கருத்து இருக்கிறது. ஒரு மாணவி எழுந்து, “பூர்வீக வீட்டை விற்ற பணமும் வேண்டும், அதே வீட்டின் வளவு முற்றத்தில் பேத்தி கல்யாணமும் நடக்க வேண்டும் என்பது போலவா, டீச்சர்?” என்றாள். இதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது. பங்காளிகள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

‘ப்ரூஃப் ஆஃப் த புட்டிங்’ இன்னும் மீதமிருக்கிறது. தின்று பார்த்தால்தான் தரம் தெரியும் என்பது பொருள். ஆனால் அது தோன்றிய காலத்தில் புட்டிங் பெரும்பாலும் இறைச்சி அடைத்த பண்டம். ஆகவே அதை இனிப்பு வரிசையில் சேர்க்காமல் தனியாக நடத்தப் போகிறேன்.