நீர்முள்ளி: குடிநீருக்கு எந்தப் பாகம், விதையைக் கழுவலாமா?

வரப்போரம்:
பாசன வாய்க்கால் ஓரமா நீர்முள்ளி மண்டிக் கிடக்கு, பூ விட்டாச்சு. மாமனாருக்குச் சாயங்காலமானா கணுக்கால் வீங்குது, நீர்முள்ளிக் குடிநீர், அதாவது கஷாயம், கொடுக்கலாம்னு வீட்டுல சொல்றாங்க. இதுதான் அந்தச் செடின்னு எப்படி உறுதி செய்யறது? எவ்வளவு கொடுக்கணும்? விதையும் சேகரிக்கலாம்னு இருக்கேன், கழுவிக் காய வைக்கணுமா?

மூலிகைக்கொல்லை:
கணுவைப் பாருங்க. தண்டு நாலு பட்டையா, சொரசொரன்னு இருக்கும். கணுவுக்குக் கணு நீள இலைகள் வட்டமா சூழ்ந்திருக்கும், அதுங்க இடுக்குல நேரான கூர்முள் ஆறு நீட்டிக்கிட்டு நிக்கும். பூ ஊதா கலந்த நீலம், ரெண்டு உதடு, கீழ் உதட்டுல மஞ்சள் தீற்றல். உப்பங்கழிக் கழுதைமுள்ளிக்கும் நீலப் பூதான். ஆனா அதோட இலை தடிச்சுப் பளபளக்கும், விளிம்பே முள்ளா இருக்கும்.

குடிநீருக்கு வேரோட முழுச்செடி. கையில சாக்கைச் சுத்திக்கிட்டு அடித்தண்டைப் பிடிச்சுப் பிடுங்குங்க. வேர்ச் சேறு போக அலசி, விரல் நீளத்துக்கு நறுக்கி, நிழல்ல ஒரே அடுக்கா பரப்பணும். குவிச்சுப் போட்டா உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், அதை எறியறதுதான் வழி. தண்டு மடக்குனு ஒடியற பதம் வந்ததும் ஒன்றிரண்டா இடிங்க. மாவா அரைச்சா விதையோட வழவழப்பு இறங்கி, வடிகட்டவே முடியாது.

இப்படி இடிச்ச தூள் 10 கிராமுக்கு 240 மி.லி. தண்ணி, சின்னத் தீயில 60 மி.லி. ஆகச் சுண்டவிடுங்க. அன்னன்னைக்குக் காய்ச்சணும். காலையில குடிக்கறதுதான் சரி. ராத்திரி குடிச்சா தூக்கம் கெட்டு எழுந்துக்கிட்டே இருக்கணும்.

நாட்டுமருந்து:
விதையைக் கழுவவே கூடாதுங்க! தண்ணி பட்ட நொடியே ஒவ்வொரு விதையும் கூழ் கட்டி, எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டையாயிடும், பிரிக்க வராது. காய்ஞ்ச கணுக்களைத் துணியில தட்டி, சலிச்சு, முறத்துல புடைச்சா போதும். நல்ல விதைக்கு அடையாளம்: நாலு விதையை நாக்குல வைங்க, மேலண்ணத்துல பசையா ஒட்டிக்கும்.

தாது புஷ்டிக்கு விதைப்பொடி 3 கிராம், வெதுவெதுப்பான பால்ல தூவித் தூவிக் கலக்கி உடனே குடிக்கணும், வெச்சா இறுகிடும். பொடியை வெறும் வாயில போடவே போடாதீங்க, தொண்டையில ஊதி அடைக்கும். கடையில தாலமக்கானான்னு கேட்டாதான் இந்த விதை. வெறும் மக்கானான்னா வெள்ளையாப் பொரிச்ச அல்லி இனத்து விதையைக் கொடுப்பாங்க.

சித்தவழி:
வரப்போரம், செடியைப் பிடுங்கறதுக்கு முன்னாடி மாமனாரோட மாத்திரை அட்டையைப் பாருங்க. இரத்த அழுத்தத்துக்குத் தர்ற ஆம்லோடிபினே கணுக்காலை வீங்க வைக்கும். அந்த வீக்கத்துக்குக் காரணம் மாத்திரை, அதை மருத்துவர்தான் மாத்தித் தரணும். இதயம், சிறுநீரகம், கல்லீரல் எது கெட்டாலும் கால் வீங்கும். சிறுநீர்ல புரதம், இரத்தத்துல கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) ரெண்டையும் பார்த்துடுங்க.

நீர்முள்ளியில பொட்டாசியம் உப்பு நிறைய. சிறுநீரகம் தளர்ந்தவங்களுக்கும், லோசார்டன் (இரத்த அழுத்த மாத்திரை), ஸ்பைரோனோலாக்டோன் (நீர் பிரிக்கற மாத்திரை) சாப்பிடறவங்களுக்கும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். செடியை எரிச்ச சாம்பலை நீர்க்கோவைக்கு (உடம்புல நீர் கோத்து வீங்கறது) தர்ற வழக்கம் உண்டு. அதுல இந்த உப்பு இன்னும் செறிவு, வீட்டுல செய்யவே வேண்டாம்.

களைக்கொல்லி அடிச்ச வயல் வடிகால், சாக்கடை கலக்கற வாய்க்கால், ரெண்டுலயும் பறிக்காதீங்க. மழைத்தண்ணி மட்டும் நிக்கற குளக்கரைச் செடியா எடுங்க.